450 ரூபாய் சைக்கிளும் 850 ரூபாய் ஹெல்மெட்டும்

காயலான் கடைத் தராசில் ஏற்றியபோது சைக்கிள் ஒன்பது கிலோவுக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. 16 அங்குலச் சக்கரம். முன் மட்கார்டு இல்லை, பின் டயர் சப்பிக் கிடந்தது, சீட்டு ரெக்சின் கிழிந்து மஞ்சள் ஸ்பாஞ்ச் வெளியே தெரிந்தது. ஆனால் ஃபிரேமில் எங்கும் வெல்டிங் விட்டிருக்கவில்லை. முன்னால் குத்த வைத்து ஒற்றைக் கண்ணால் பார்த்தேன், முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் நேராக இருந்தது. வாங்குவதற்கு முன் இந்த இரண்டை மட்டும்தான் பார்த்தேன். மற்ற எதையும் கழற்றி மாற்றிவிடலாம். இவை இரண்டும் போனால் அது வெறும் இரும்பு. "பிள்ளைக்குன்னு கேக்குற, 450 குடு ஆத்தா" என்றார் கடைக்காரர். கொடுத்துவிட்டு இரண்டு கிலோமீட்டர் உருட்டிக்கொண்டே வீடு வந்தேன்.

மூத்தவளுக்கு ஆறு வயது. எதிர்வீட்டுப் பிள்ளையின் சைக்கிளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவாள், வேண்டும் என்று கேட்கமாட்டாள். அடம்பிடித்திருந்தால்கூட இல்லை என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். கேட்காமல் இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கீழ ராஜ வீதிப் பக்கம் ஒரு கடையில் விசாரித்தேன். புதியது 5,200 என்றார்கள். வாடகை, பள்ளிக் கட்டணம், பால் கணக்கு எல்லாம் போக மிஞ்சுவது சீட்டு கட்டப் போய்விடும் வீடு எங்களுடையது. இந்த அளவு சைக்கிள் ஒரு பிள்ளைக்கு இரண்டு வருடம், மிஞ்சினால் மூன்று வருடம்தான் பொருந்தும். அதற்கு 5,200 எனக்குப் பெரிய தொகை.

பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பழையதே போதும் என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. இரண்டு வயதுச் சின்னவன் என் அக்கா பிள்ளைகளின் சட்டையில்தான் வளர்கிறான். பல முறை துவைத்த பருத்தி, புதுத் துணியைவிட உடம்புக்கு மெத்தென்று இருக்கும். அவனுக்குக் கட்டிவிட்டதெல்லாம் தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்து ஓரம் அடித்த துணி. சத்துமாவு வீட்டில் வறுத்து மில்லில் அரைத்தது. சைக்கிளும் அப்படியே முடியும் என்றுதான் நினைத்தேன், செலவு ஆயிரத்துக்குள் நிற்கும் என்பது என் கணக்கு.

முதல் ஞாயிற்றுக்கிழமை முன் சக்கரத்தைக் கழற்றினேன். கையால் சுற்றினால் கரகரவென்று மணல் அரைபடும் சத்தம் வந்தது, அதனால் இங்கேதான் ஆரம்பிக்க வேண்டியிருந்தது. அச்சின் இரண்டு பக்கமும் ஒரு நட், அதற்குள்ளே கோன் என்ற கூம்பு நட், கோனுக்குள்ளே பால்ரஸ் என்ற குட்டி இரும்பு உருண்டைகள். பால்ரஸ் சிதறி ஓடிவிடும் என்று தெரியும், அதனால் ஒரு எவர்சில்வர் தட்டைக் கீழே பிடிக்கச் சொல்லி மகளை உட்கார வைத்தேன். கோனைத் திருகி எடுத்ததும் கறுப்புக் கிரீஸோடு ஒவ்வொன்றாகத் தட்டில் விழுந்தன. டிங், டிங் என்று விழ விழ அவள் எண்ணிக்கொண்டே வந்தாள். ஒரு பக்கம் பத்து, மறுபக்கம் ஒன்பது. "அம்மா, ஒண்ணு குறையுது" என்று அவள் சொன்னபோது நான் தரையில் உருண்டுவிட்டது என்று தேடினேன். கட்டிலுக்கு அடியில், மிதியடிக்கு அடியில் எல்லாம் பார்த்தோம். கடைசியில் புரிந்தது, முன்பு யாரோ ஒன்பது போட்டுத்தான் மூடியிருக்கிறார்கள். கரகர சத்தத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

தட்டில் டீசல் ஊற்றிக் கழுவினால் பாதி பால்ரஸ் பளபளவென்றும் பாதி அம்மை விழுந்ததுபோல் புள்ளி புள்ளியாகவும் இருந்தன. நல்லதை வைத்துக்கொண்டு கெட்டதை மட்டும் மாற்றலாம் என்று தோன்றியது. தெருமுனை சைக்கிள் கடைப் பெரியவரிடம் ஒரு பால்ரஸை மாதிரிக்குக் கொண்டுபோய்க் கேட்டேன். "மொத்தமும் மாத்திரு ஆத்தா. பழசு தேஞ்சிருக்கும், புதுசு பெருசா நிக்கும். பாரம் பூரா புதுசு மேலயே விழும்" என்றார். அது கண்ணுக்குத் தெரியாத தேய்மானம், ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. 3/16 அங்குலம், இருபது உருண்டை, 40 ரூபாய். மாதிரி கொண்டுபோகாமல் வாய்வார்த்தையாக "சின்ன சைக்கிள் பால்ரஸ்" என்று கேட்டிருந்தால் பின் சக்கரத்துக்குப் போடும் கால் அங்குல உருண்டையை வாங்கிவந்து அல்லாடியிருப்பேன்.

சக்கரத்தின் நடுவில் உருண்டைகள் உட்காரும் கிண்ணத்தில் கிரீஸைத் தடவி, உருண்டைகளை ஒவ்வொன்றாக அவளே ஒட்டவைத்தாள். கிரீஸ் பசைபோல் பிடித்துக்கொள்ளும், விழாது. அவள் விரல் அளவுக்கு அது ஏற்ற வேலை, என் விரலைவிடச் சுத்தமாகச் செய்தாள். கோனைத் திருகும்போது மட்டும் பொறுமை வேண்டும். இறுக்கினால் சக்கரம் முரண்டும், தளர்த்தினால் பக்கவாட்டில் ஆடும். ஆட்டம் நிற்கும்வரை திருகி, பிறகு மயிரிழை பின்னே விட்டு, நட்டை இறுக்க வேண்டும். நட்டை இறுக்கும்போது கோனும் கூடவே நகரும் என்பதால் எனக்கு நான்கு முறை எடுத்தது. சரியாக அமைந்துவிட்டதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. சக்கரத்தை மெதுவாகச் சுற்றிவிட்டு அது தானாக நிற்கும்வரை விட வேண்டும். டியூப் வாய் இருக்கும் இடம் கொஞ்சம் கனம். அது முன்னும் பின்னும் ஊஞ்சலாடி அடியில் வந்து நின்றால் பால்ரஸ் சரி. எங்கள் சக்கரம் அப்படி நின்றபோது இருவரும் கைதட்டினோம்.

பின் சக்கரம் வழுவழுவென்று சுற்றியது, அதைப் பிரிக்கவே இல்லை. டியூப் வேலை எதிர்பார்த்ததைவிட லேசாக முடிந்தது. முன் டியூபைக் காற்றடித்து வாளித் தண்ணீரில் அமுக்கினால் எங்கும் குமிழி இல்லை, வாயில் மட்டும் சின்னச் சின்னதாக வந்தது. வால்டியூப் இற்றுப்போயிருந்தது. இரண்டு அங்குல ரப்பர் குழல், பத்து ரூபாய். இது தெரியாமல் எத்தனை வீட்டில் புது டியூப் வாங்கியிருப்பார்களோ. பின் டியூப் மடிப்பில் வெடித்திருந்தது, அதற்குப் பஞ்சர் ஒட்டி மல்லுக்கட்டாமல் 130 கொடுத்துப் புதிது வாங்கினேன். சைக்கிளுக்குக் காற்றடைத்த டயர் வந்ததே ஒரு பிள்ளையால்தான். பெல்ஃபாஸ்டில் இருந்த ஜான் பாய்டு டன்லப் என்ற கால்நடை மருத்துவர் தன் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓட வேண்டும் என்று ரப்பர்க் குழாயில் காற்றடைத்துச் சுற்றிப் பார்த்தார். 1888இல் காப்புரிமை வாங்கினார். மகளிடம் இதைச் சொன்னபோது, "அவங்க அப்பாவும் ஞாயித்துக்கிழமைதான் செஞ்சாரா?" என்று கேட்டாள்.

இரண்டாவது ஞாயிறு பெயின்ட். ரிம்மில் இருந்த துருவுக்கு ஓட்டல் பார்சலில் வந்த அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். குரோம் பூச்சு உள்ள இடத்தில் இது உப்புத்தாளைவிட நன்றாக வேலை செய்கிறது, கீறல் விழுவதில்லை. கால் மணி நேரத்தில் முகம் தெரியும் அளவுக்கு வந்துவிட்டது. அதே வேகத்தில் ஃபிரேமையும் சுரண்டிவிடலாம் என்று திண்ணையில் உட்கார்ந்து உப்புத்தாளைப் போட்டேன். பத்து இழுப்புக்குள் நீலத்தூள் பறந்தது. சின்னவன் தவழ்ந்தும் நடந்தும் திரியும் திண்ணை அது. கீழே கிடப்பதெல்லாம் அவன் வாய்க்குப் போகும். அப்போதுதான் உறைத்தது.

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்ட்டில் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016இல் போடப்பட்டு, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவும் வீட்டுக்கு அடிக்கும் பெயின்ட்டுக்கு. இந்த சைக்கிளுக்கு எந்த வருடம் எந்தப் பட்டறையில் என்ன அடித்தார்களோ. உடம்புக்குள் போகும் ஈயத்தில் பெரியவர்களைவிடச் சிறுபிள்ளைகள் நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்வார்கள் என்றும், இதுவரை போனால் பாதகமில்லை என்று சொல்ல ஒரு அளவே கிடையாது என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது மூளை வளர்ச்சியைத் தொடும் விஷயம். உப்புத்தாளை அங்கேயே போட்டுவிட்டு, திண்ணையை ஈரத்துணியால் மூன்று முறை துடைத்தேன். துடைப்பத்தால் கூட்டவில்லை, கூட்டினால் தூள் எழும்பும். போட்டிருந்த நைட்டியைத் தனியாக அலசினேன்.

மறுபடி தொடங்கியது அடுத்த வாரம், சின்னவனை அம்மா வீட்டில் விட்டுவிட்டு, மொட்டை மாடியில். இந்த முறை பெயின்டர்கள் வைத்திருக்கும் வாட்டர் பேப்பர், பக்கத்தில் வாளித் தண்ணீர், முகத்தில் மாஸ்க். துருப்பிடித்த இடத்தை மட்டும் நனைத்து நனைத்துத் தேய்த்தேன், தூள் பறக்காமல் சேறாக வழிந்தது. அடியில் விரித்த பழைய பேப்பரோடு சுருட்டிக் கட்டிப் போட்டேன். நன்றாக ஒட்டியிருந்த பெயின்ட்டைத் தொடவில்லை, அதன் மேலேயே ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கை, எனாமல் இரண்டு கை. எனாமல் டப்பாவில் ஈயம் சேர்க்காதது என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன். வீட்டில் மிச்சம் கிடந்த அரை டப்பா பழைய பெயின்ட்டில் அப்படி எதுவும் இல்லை, அதை எடுக்கவில்லை. நிறத்தை மகளிடம் விட்டுவிட்டேன். ரோஸ் கேட்பாள் என்று நினைத்தேன், கிளிப்பச்சை கேட்டாள். பிரைமர், பெயின்ட், பிரஷ், வாட்டர் பேப்பர் எல்லாம் சேர்த்து 390. அவள் வாய்விட்டு ஆசையாகக் கேட்டது அந்த நிறமும், ஒரு பெல்லும், முன்னால் ஒரு கூடையும்தான். மூன்றிலும் நான் பேரம் பேசவில்லை.

அம்மா வீட்டில் சின்னவனை விடப் போனபோது பேச்சு சைக்கிளுக்கு வந்தது. 1990களின் தொடக்கத்தில் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். ஆயிரக்கணக்கான பெண்கள் பழகினார்கள். பால்வாடியில் வேலை பார்த்த என் அம்மாவும் அதில் ஒருத்தி. லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல், பார் வைத்த ஆம்பளை சைக்கிளை வாடகைக்கு எடுத்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பழகியவர். அந்த பாரில் துண்டைச் சுற்றி மூன்று வயதில் என்னை உட்கார வைத்து மிதித்தது எனக்கு அரையும் குறையுமாக ஞாபகம் இருக்கிறது. "பெடலைக் கழட்டிட்டுப் பழக்கு, ஒரு வாரத்துல வந்துரும். எனக்கு அப்ப யாரும் அத சொல்லல" என்றார். கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவதைவிட இது நல்ல யோசனையாகப் பட்டது.

பெடலைக் கழற்றுவதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வலது பெடல் எல்லா நட்டையும்போல இடப்பக்கம் திருகினால் கழலும். இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம். மிதிக்க மிதிக்கத் தானே கழன்றுவிடக் கூடாது என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். இது தெரியாமல் பலம் கொண்ட மட்டும் திருகினால் இன்னும் இறுகும், கடைசியில் மரை போய்விடும். கழற்றிய பிறகு மொட்டையாக நிற்கும் இரும்பு முனை கணுக்காலில் இடிக்கும், அதில் துணியைச் சுற்றிக் கட்டினேன். சீட்டை, இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதியும்வரை இறக்கினேன். கிழிந்த சீட்டுக்கு என் பழைய ஜீன்ஸ் துணியில் உறை தைத்து இழுத்துக் கட்டியிருந்தேன். 1817இல் ஜெர்மனியின் மான்ஹைமில் கார்ல் டிரைஸ் ஓட்டிக் காட்டிய இருசக்கர வண்டிக்கும் பெடல் கிடையாது, காலால் உந்தித்தான் போனார்.

இங்கேதான் நான் தப்பு செய்தேன். பிரேக் கட்டைகள் பழையவை. ரப்பர் கல்லாகிப்போயிருந்தது, நகத்தால் அழுத்தினால் பதியவில்லை. உப்புத்தாளில் மேல்தோலைத் தேய்த்துவிட்டால் பிடிக்கும், 80 ரூபாய் மிச்சம் என்று அப்படியே மாட்டினேன். திண்ணை முன்னால் நானே தள்ளிப் பிடித்துப் பார்த்தேன், நின்றது. என் கைக்கு நின்றது.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் காலால் உந்தி உந்தி நன்றாகவே போக ஆரம்பித்திருந்தாள். எங்கள் தெரு கடைசியில் கொஞ்சம் சரிவு. உந்தாமலே வண்டி போகிறது என்று கண்டதும் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டாள். வேகம் பிடித்தது. "பிரேக்கைப் பிடி" என்று கத்தினேன். பிடித்தாள், இரண்டு கையாலும் பிடித்தாள். அவள் விரல் கடைசிக் கணுவில்தான் பிரேக் பிடியை எட்டியது, பலம் ஏறவில்லை. கல்லாகிப்போன கட்டை ரிம்மில் வழுக்கிக்கொண்டே போனது. வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் ஏறி விழுந்தாள். முழங்கை சிராய்த்தது, முழங்காலில் தோல் உரிந்தது. மணல் இல்லாவிட்டால் அந்த இடத்தில் கருங்கல் ஜல்லி. அழுதுகொண்டே, "நான் பிடிச்சேம்மா, நிஜமா பிடிச்சேன்" என்றாள். தப்பு தன்னுடையது என்று அவள் நினைத்துக்கொண்டதுதான் இன்றுவரை எனக்கு வலிக்கிறது. இல்லை கண்ணு, தப்பு அம்மாவுடையது, பழைய கட்டையை மாட்டினது நான்தான் என்று அன்றே அவளிடம் சொன்னேன்.

மறுநாள் காலை நான்கு கட்டையும் இரண்டு கேபிளும் புதிதாக வாங்கினேன். 80, 70. கட்டை ரிம்மில் மட்டும் படும்படி, டயரை உரசாதபடி, இரண்டு பக்கமும் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு முறுக்கினேன். பிரேக் பிடியின் கழுத்தில் ஒரு சின்னத் திருகாணி இருக்கிறது, அதை உள்ளே திருகினால் பிடி ஹேண்டில்பாருக்கு அருகே வரும். அதுவரை எனக்கே தெரியாது. அவள் இரண்டு விரல் நடுக்கணுவில் எட்டும்வரை திருகினேன். இப்போது சோதனையை அவள் கையால் செய்தோம்: அவள் முன் பிரேக்கைப் பிடித்துக்கொள்ள, நான் சைக்கிளை முன்னே தள்ளினால் பின் சக்கரம் தரையைவிட்டு எழ வேண்டும். பின் பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் சுற்றாமல் இழுபட வேண்டும். இரண்டும் ஆயிற்று.

அன்றே ஹெல்மெட்டும் வாங்கினேன், 850. அக்கா வீட்டில் பழையது ஒன்று சும்மா கிடந்தது, அதை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். உள்ளே இருப்பது ஒருவகைத் தெர்மோகோல்தான், ஒரு அடியைத் தான் நசுங்கி வாங்கிக்கொள்ளும். அது முன்பே விழுந்து அடிபட்டதா என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. புருவத்துக்கு மேலே இரண்டு விரல், தாடை வாருக்குள் ஒரு விரல் என்று அளந்து மாட்டினேன். சைக்கிளைவிட ஹெல்மெட் விலை அதிகமா என்று வீட்டில் கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

ஆறாம் நாள் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு நான் பத்து எண்ணும்வரை நேராகப் போனாள். பெடலை மாட்டினேன், இடதை இடப்பக்கமாகத் திருகி. ஒன்பதாம் நாள் மிதித்தாள். அம்மாச்சி பார்க்க வந்திருந்த அன்றுதான் முதல் முறையாகத் தெருவைச் சுற்றித் திரும்பி வந்தாள். அம்மா ஹேண்டில்பாரைப் பிடித்துப் பார்த்துவிட்டு, பெல்லை ஒருமுறை அடித்தார்.

செலவு: சைக்கிள் 450, பால்ரஸ் 40, கிரீஸ் 60, வால்டியூப் 10, டியூப் 130, பெயின்ட் வகை 390, பிரேக் கட்டையும் கேபிளும் 150, பெல் 70, கூடை 180. ஆக 1,480. ஹெல்மெட்டோடு 2,330. ஆயிரத்துக்குள் என்ற என் கணக்கு தாண்டிவிட்டது, புது சைக்கிளின் பாதிகூட ஆகவில்லை. நான்கு ஞாயிற்றுக்கிழமை போனது. அதில் மூன்றில் அவள் பக்கத்தில் இருந்தாள் என்பதால் அதை நான் செலவில் சேர்க்கவில்லை. அவளைத் தூரமாகப் போ என்று விரட்டிக்கொண்டே நான் தனியாகச் செய்திருந்தால் சேர்த்திருப்பேன்.

மிச்சம் இருக்கும் வேலை: செயின் அரை அங்குலத்துக்கு மேல் தொய்கிறது, பின் அச்சைக் கொஞ்சம் பின்னே இழுக்க வேண்டும். முன் மட்கார்டு இன்னும் கிடைக்கவில்லை, காயலான் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். சீட்டுக் குழாயில் இன்னும் மூன்று அங்குலம் உயர்த்த இடம் இருக்கிறது. சின்னவன் இப்போதே கூடைக்குள் கால் வைத்து ஏறப் பார்க்கிறான், அதனால் சாயங்காலம் ஆனதும் சைக்கிளைச் சுவரோடு சேர்த்துக் கட்டி வைக்கிறோம்.